எழுதி வாங்குங்கள்!

லாரி ஓடினால் வீட்டில் அடுப்பு எரியும். லாரி நின்றால் வட்டி மட்டும் ஓடும்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்துக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை. அங்கே லாரித் தொழில் வேரூன்றிய தொழில். பல லாரி வைத்திருக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து, ஒரே ஒரு லாரி வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவரின் லாரி நடுவழியில் படுத்துவிடுகிறது. வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. வாரண்டி இருக்கிறது. கட்டி இழுத்துக் கொண்டு போய், கம்பெனி ஏஜெண்டின் சர்வீஸ் நிலையத்தில் விடுகிறார். இரண்டு நாள் கழித்துப் போய்க் கேட்கிறார்.

"வண்டிக்கு என்னங்க ஆச்சு?"

"டீசல் சரியில்லைங்க. பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போயிருச்சு. மொத்தமா மாத்தணும்."

"வாரண்டி இருக்குதுங்களே?"

"கெட்ட டீசலுக்கு வாரண்டி கிடையாதுங்க."

பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. இப்படி நடப்பது உண்டு.

அந்த மனிதர் என்ன செய்வார்? சண்டை போடுவதா? கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டுவதா? இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு காகிதம் கேட்க வேண்டும்.

அன்றும் இன்றும்

பழைய லாரியில் கோளாறு என்றால் டீசல் பம்ப் பட்டறைக்குப் போவார்கள். பட்டறைக்காரர் நாசிலைக் கழற்றி, கருவியில் மாட்டி, கையால் அழுத்திப் பார்ப்பார். டீசல் புகை போலப் பீய்ச்சினால் நல்லது. சொட்டினால் கெட்டது. லாரிக்காரர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்ப்பார்.

இன்றைய லாரிகளில் 'காமன் ரெயில்' என்ற முறை வந்துவிட்டது. ஒரு பம்ப் டீசலை அழுத்தி, கெட்டியான ஒரு குழாயில் நிரப்பி வைக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சுகிறது. எப்போது பீய்ச்ச வேண்டும், எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. குழாயில் அழுத்தம் 1,600 'பார்' வரை போகும். லாரி டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு!

இதனால் டீசல் பொடிப்பொடியாகச் சிதறி நன்றாக எரிகிறது. புகை குறைகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 என்ற கடுமையான புகை விதி அமுலுக்கு வந்தது. அதற்கு ஏற்ற முறை இது.

ஆனால், நன்மையோடு ஒரு தொல்லையும் வந்தது. இன்ஜெக்டருக்குள் ஓடும் ஊசியின் இடைவெளி, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத தூசியுமே அதைக் கெடுத்துவிடும். கோளாறைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் கருவி வேண்டும். அந்தக் கருவி ஏஜெண்டிடம் இருக்கிறது. லாரிக்காரர் கண்ணால் பார்த்த காலம் போய், சொன்னதை நம்பும் காலம் வந்துவிட்டது. அதனால்தான் காகிதம் வேண்டும்.

காட்டச் சொல்லுங்கள்

ஏஜெண்டு சொல்வது எல்லாம் பொய் என்று நினைக்கக் கூடாது. டீசலில் தண்ணீர் சேர்ந்தால் பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடிப்பது உண்மை. பம்ப் உள்ளே உடைந்து தேய்ந்தால், இரும்புத் தூள் குழாய் முழுவதும் பரவும். அப்போது ஓர் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால், புதியதும் சீக்கிரம் கெட்டுவிடும். 'மொத்தமாக மாற்ற வேண்டும்' என்பது அந்த நேரத்தில் நியாயமான பேச்சு.

ஆனால், அதைக் காட்ட வேண்டும். இரும்புத் தூள் எங்கே? டீசல் ஃபில்டரை அறுத்துக் காட்டச் சொல்லலாம். தண்ணீர் எங்கே? டாங்கின் அடியில் இருந்து எடுத்த டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால், தண்ணீர் அடியில் தங்கும்.

எந்த இன்ஜெக்டர் கெட்டது? பல என்ஜின்களில் இதற்கு எளிய சோதனை உண்டு. ஒவ்வோர் இன்ஜெக்டரில் இருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடிப்பார்கள். எல்லாம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிரம்பினால், அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதை மெக்கானிக்தான் செய்ய வேண்டும். என்ஜின் ஓடும்போது அழுத்தக் குழாயை மற்றவர்கள் தொடவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இரும்புத் தூள் இருந்தால் பம்ப் தேய்ந்தது என்று தெரியும். ஏன் தேய்ந்தது? டீசலாலா, பம்பின் சொந்தக் குறையாலா? பணம் யார் கட்டுவது என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. வாய் வார்த்தையில் விடக் கூடிய பதில் அல்ல இது.

கேட்க வேண்டியவை

ஜாப் கார்டு: வண்டியை விடும்போதே வாங்க வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், சொன்ன கோளாறு எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

எஸ்டிமேட்: எந்தச் சாமானுக்கு என்ன விலை, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பு, வீட்டில் படிக்கும் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை.

சோதனை விவரம்: கம்ப்யூட்டர் காட்டிய கோளாறு எண்ணும், டீசலைச் சோதித்த முடிவும்.

மறுப்புக் கடிதம்: வாரண்டி கிடையாது என்றால், எந்த விதிப்படி கிடையாது என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

பழைய சாமான்: கழற்றிய பம்பும் இன்ஜெக்டரும் சாட்சிகள். தகராறு தீரும் வரை அவை பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது.

சட்டம் இருக்கிறது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் 2019-ல் நிறைவேறி, 2020 ஜூலையில் அமுலுக்கு வந்தது.

'லாரி வியாபாரத்துக்கு வாங்கியது. இந்தச் சட்டம் உனக்கு இல்லை' என்று சிலர் சொல்வார்கள். பல லாரிகளை வைத்து லாபத்துக்குத் தொழில் நடத்துபவர்களுக்கு அந்த வாதம் பொருந்தக்கூடும். ஆனால், தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் ஒரு தீர்ப்பில் விளக்கியிருக்கிறது. உதவிக்கு ஓரிரண்டு பேரை வைத்துக் கொண்டாலும் அந்த உரிமை போய்விடாது.

புகாரை இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஏஜெண்டு இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வக்கீல் வைத்துத்தான் தீர வேண்டும் என்பது இல்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பொருளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்க்கவும் நுகர்வோர் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வழி கேட்க விரும்புபவர்கள் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

தன் பக்கம்

நியாயம் கேட்பவர் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று கேனில் விற்கும் டீசலை வாங்கக் கூடாது. நம்பிக்கையான பங்கில் போட்டு, பில்லைப் பத்திரமாக வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், டீசலின் அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படி பங்கிலேயே கேட்கலாம். ஃபில்டரோடு சேர்ந்த கிண்ணத்தில் தங்கும் தண்ணீரை, புத்தகத்தில் சொன்னபடி திறந்து விட வேண்டும். ஃபில்டரைக் காலத்தில் மாற்ற வேண்டும். அந்த பில்லும் இருக்க வேண்டும்.

லாரியை ஓட்டுபவர் ஊர் ஊராகப் போகிறார். பில்களைச் சேர்த்து வைக்க வீட்டில் இருப்பவர்களால் முடியும். ஒரு பழைய பிஸ்கட் டின் போதும்.

ஏஜெண்டுகளுக்கும் ஒரு வார்த்தை. சொல்வது உண்மை என்றால் அதை எழுதித் தர ஏன் தயங்க வேண்டும்? சோதனையைக் காட்டி, காரணத்தை எழுதிக் கொடுத்தால், வந்தவர் வருத்தத்தோடு போனாலும் சந்தேகத்தோடு போக மாட்டார். அடுத்த லாரியையும் அங்கேயே வாங்குவார்.

கையெழுத்துப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. கையெழுத்துக் கேட்டு வாங்கவும் தெரிய வேண்டும்.