பூப்பாத்தியில் கோரையா?

"கோரைக்கு உப்புத் தண்ணி ஊத்துங்க, செத்துப்போகும்" என்று யாரோ சொல்ல, செப்டம்பர் 14 சிலுவைத் திருவிழாவுக்குப் பூ வேண்டுமே என்ற அவசரத்தில் கனகாம்பரப் பாத்தியில் ஒரு வாளி கடல் தண்ணீரை ஊற்றிவிட்டேன். கனகாம்பரம் கருகியது, கோரை மறுபடி தலைநீட்டியது! எங்கள் மணப்பாட்டில் கடல்காற்றின் உப்பே செடிக்குப் போதும், நான் வேறு!

கோரையின் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். சும்மா பிடுங்கினால் புல்தான் அறுந்து வரும். மாலையில் தண்ணீர் விட்டு, மறுநாள் காலையில் பழைய கரண்டிக் காம்பால் நெம்பிக் கிழங்கோடு எடுங்கள். கனகாம்பரத்தின் வேர் மேலாகவே ஓடும். தூரை ஒட்டி மண்வெட்டி போடாதீர்கள், கைதான் நல்லது. கிழங்கைக் குப்பைக்குழியில் போட்டால் எருவோடு திரும்பி வரும், வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள்.

பிறகு தூரைத் தொடாமல் சருகை இரண்டு விரல் கனம் பரப்பினால் சின்னக் களை முளைக்காது. கோரை அதையும் குத்திக்கொண்டு வரும் சகோதரிகளே, வாரம் ஒருமுறை குனியத்தான் வேண்டும்.