முதலில் மெக்கானிக், அப்புறம் கார்

தங்கை மகன் போன வாரம் செல்போனை நீட்டினான். கருப்பு நிற பென்ஸ் ஈ கிளாஸ், 2005 மாடல். "மாமா, புது மாருதி வாங்கற காசுக்கு பென்ஸ்! சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டியாம்."

டாக்டர் ஓட்டிய வண்டி என்பது பழைய கார் புரோக்கர்களின் நிரந்தர வசனம். இத்தனை வண்டியையும் டாக்டர்களே ஓட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் யார்தான் இருந்தார்கள்?

"வாங்குடா, தப்பில்லை. மெக்கானிக் யாரு?" என்று கேட்டேன். வண்டி வந்த பிறகு மெக்கானிக்கைத் தேடிக்கொள்ளலாம் என்றான். அங்கேதான் எனக்கும் அவனுக்கும் தகராறு.

சொகுசுக் காரின் விலை சடசடவென்று சரிவதற்குக் காரணம் உண்டு. வாரண்டி முடிகிற சமயம் பார்த்து முதல் ஓனர் கைமாற்றிவிடுவார். தில்லியிலோ பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அங்கே ஓட்ட முடியாத வண்டிகள் தடையில்லாச் சான்றோடு தெற்கே இறங்கின. பார்க்கப் பளபளப்பாக இருக்கும், விலையும் மலிவு. அதோடு இங்கே சாலை வரி கட்ட வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இறக்குமதிக் காருக்கு 40,000.

இதெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு வேறு. விலை இறங்கியது காருக்குத்தான், அதன் ஹெட்லைட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் இறங்கவில்லை. ஆறு லட்சம் கொடுத்து வாங்கியவரும் அறுபது லட்ச ரூபாய் காருக்கான ஸ்பேர் பார்ட்ஸ் பில்லைத்தான் கட்டியாக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அவன் காட்டிய மாடலையே எடுத்துக்கொள்வோம். அதில் பிரேக் எஸ்.பி.சி. என்கிற மின்னணு முறையில் இயங்குகிறது. பெடலை எத்தனை தடவை மிதித்தோம் என்று உள்ளே ஒரு கவுன்ட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். சுமார் மூன்று லட்சம் தடவை ஆனதும், பிரேக் நன்றாகவே பிடித்தாலும், டாஷ்போர்டில் எச்சரிக்கை வந்துவிடும். யூனிட்டை மாற்ற வேண்டியதுதான். 2004, 2005 ஆண்டுகளில் இந்த பிரேக்குக்காக உலகம் முழுக்க லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தார்கள். 2006-ல் ஈ கிளாஸில் அந்த முறையையே கைவிட்டார்கள். விற்கிறவர் இதை வாய் திறந்து சொல்ல மாட்டார். இந்த வண்டியில் கைபழகிய மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி, கவுன்ட்டர் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டி என்றால் இன்னொரு கதை. ராத்திரி நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை இறங்கி உட்கார்ந்திருக்கும். நண்பர் ஒருவரின் காருக்கு இப்படி ஆனபோது உடன் போயிருந்தேன். மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றி, ரப்பர் பையின் மடிப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். மயிரிழை வெடிப்பு ஒன்றிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பியது. "இதை அப்படியே விட்டா, கசியற காத்தை ஈடுகட்டி ஈடுகட்டி கம்ப்ரஸரும் எரிஞ்சிடும் சார். இப்பவே வந்தீங்க, ஒரு செலவோட போச்சு" என்றார்.

பணத்தை மிச்சப்படுத்தும் வழியும் அவரைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். கார் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. போஷ், இசட்.எஃப். போன்றவர்கள் செய்து தருகிறார்கள். அதே பாகம் அவர்கள் சொந்தப் பெட்டியில் வந்தால் விலை நன்றாகவே குறையும். சிலவற்றில் கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடத்தை மட்டும் தேய்த்து அழித்திருப்பார்கள். விரலால் தடவினால் சொரசொரக்கும். எதைச் சென்னை ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்குவது, எதற்குப் புதுப்பேட்டையின் பழைய பாகம் போதும், எதற்கு ஷோரூமைத் தவிர வழியில்லை என்கிற விவரம் இல்லாமல் பழைய சொகுசுக் காரைக் கட்டி மேய்க்க முடியாது.

"அப்போ டபிள்யூ 124 வாங்கறேன், அது இரும்பு மாதிரி" என்றான். 1995-ல் புனேயில் அசெம்பிள் ஆகத் தொடங்கிய, பென்ஸின் முதல் இந்தியக் கார். எலெக்ட்ரானிக்ஸ் குறைவு, நல்ல வண்டி. ஆனால் தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்தவற்றில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டில் காய்ந்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். இரும்பு நிற்கும், வயர் நிற்காது.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெங்களூர் ரோட்டில் நூறில் போகும்போது உள்ளே மெதுவாகப் பேசினாலே கேட்கும். ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினாலும் முதுகு வலிப்பதில்லை. முப்பது வருடத்துக்கு முன் ஓர் எஞ்சினியர் யோசித்து வைத்த சௌகரியம் இன்றைக்கும் வேலை செய்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு, கொடுக்கலாம்.

ஆனால் வீட்டில் ஆபீஸ் போக இன்னொரு வண்டி இருக்க வேண்டும். வாங்கும் விலையில் பாதியாவது பேங்கில் தனியாகக் கிடக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது ஓட்ட நேரம் வேண்டும். ஷெட்டில் நின்றே கெட்டுப்போகும் கார்கள் ஏராளம். கடன் போட்டுத்தான் வாங்க முடியும் என்றால், விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் அந்த பென்ஸ் நம் கைக்கு எட்டும் விலைக்கு இன்னும் வரவில்லை என்றே அர்த்தம்.