இரண்டாவது கிளினிக் நாள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மனநோய்க்குச் சிகிச்சை பெறத் தொடங்கிவிட்டார் என்று எந்த நாளைக் குறித்துச் சொல்வது? கிளினிக் கொப்பியில் பெயர் பதியப்பட்ட முதல் நாளைத்தான் பலரும் சொல்வார்கள். பத்திரிகைத் தொழிலின் நிமித்தம் வைத்தியர்களோடும் உளவளத்துணையாளர்களோடும் நோயாளரின் உறவினர்களோடும் பல ஆண்டுகளாகப் பேசிவந்தவன் என்ற வகையில் எனது கருத்து வேறு. அதே மனிதர் இரண்டாவது தடவை வந்து வாங்கில் அமரும் நாளே உண்மையான தொடக்க நாள். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில்தான் நாம் பலரை இழந்துவிடுகிறோம்.

சிகிச்சைக்கு இடமில்லை என்று முழுமையாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளக்கூடிய காலம் கடந்துவிட்டது. காலனித்துவ ஆட்சியில் 1873 இல் வந்த கட்டளைச் சட்டம், நோயாளியை நீதிமன்றத்தின் வழியாக எவ்வாறு அடைத்துவைப்பது என்பதிலேயே அக்கறை காட்டியது. 1926 இல் திறக்கப்பட்ட அங்கொடை வைத்தியசாலையின் பெயர் நாளடைவில் ஊர்ப் பேச்சில் ஒரு வசைச்சொல்லாகவே மாறிற்று. ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டான 2005 இல் அங்கீகரிக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை திசையை மாற்றியது. சிகிச்சை மக்கள் வாழும் ஊருக்கு வரவேண்டும், மாவட்டந்தோறும் உளநல வைத்திய அதிகாரிகளும் கிளினிக்குகளும் இருக்கவேண்டும் என்று அது வகுத்தது. இன்று யாழ். போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, மந்திகை ஆகிய இடங்களில் உளநலச் சேவை உண்டு. அரச வைத்தியசாலையில் மருந்துக்குப் பணம் அறவிடப்படுவதில்லை. யுத்தத்தின் மிக மோசமான ஆண்டுகளிலும் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மிகச் சிலர் இங்கே நின்று இப்பணிக்கு அத்திவாரமிட்டார்கள் என்பதையும் நன்றியோடு குறிப்பிடவேண்டும்.

தேவையின் அளவும் நமக்குத் தெரியாததன்று. யுத்தம் முடிந்த கையோடு, 2009 யூலைக்கும் செப்ரெம்பருக்கும் இடையில், யாழ். மாவட்டத்தின் 1517 வீடுகளில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதமானோரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதமானோரிடமும், யுத்த மனவடுவின் பின்னான நெருக்கீட்டு அறிகுறிகள் 7 வீதமானோரிடமும் காணப்பட்டன. நாம் மேடைகளில் மனவடுவைப் பற்றியே பேசுகிறோம். வீடுகளுக்குள் கூடுதலாக இருந்ததோ, நித்திரையின்றி, பசியின்றி, எதிலும் பற்றின்றி மனிதரைக் கரைக்கும் மனச்சோர்வும் பதகளிப்புமே.

இத்தகைய ஒருவர் நேரே கிளினிக்குக்கு வருவதில்லை. முதலில் அவர் நோயை உடம்பின் மொழியில் சொல்கிறார்: தலையிடி, நெஞ்சு நோ, உடம்பெல்லாம் எரிவு, பெருமூச்சு. வெளிநோயாளர் பிரிவில் வலிக்கான குளிசை கிடைக்கிறது. பிறகு குறிப்புப் பார்க்கப்படுகிறது. "தம்பிக்கு ஏழரைச் சனி நடக்குது" என்று சாத்திரியார் சொன்னால் வீட்டுக்கு ஓர் ஆறுதல். சனி ஒருநாள் விலகிவிடும் அல்லவா? அதன் பின்னர் செய்வினை கழித்தல், நூல் கட்டுதல். ஒரு கலியாணத்தைச் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற யோசனையும் எங்கிருந்தாவது வந்துசேரும். மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழிந்த பின்னரே குடும்பம் வைத்தியசாலைப் படி ஏறுகிறது. அதுவும் தெரிந்த முகம் எதிர்ப்படாத வைத்தியசாலையாகப் பார்த்து, இரண்டு பஸ் மாறி.

முதல் நாளில் அங்கே நடப்பதில் மர்மம் ஒன்றுமில்லை. நித்திரை, பசி, வேலை, குடிப்பழக்கம், முன்னர் எடுத்த மருந்துகள், குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இந்நோய் இருந்ததா என்பவற்றைக் கேட்பார்கள். சாக நினைத்ததுண்டா என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்வி எவருக்கும் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவதில்லை, மாறாகப் பலருக்கு அது பாரத்தை இறக்கிவைக்கும் வாய்ப்பு. நோயாளியிடம் தனியாகவும் வீட்டாரிடம் தனியாகவும் பேசுவார்கள். இரத்தப் பரிசோதனைக்கும் எழுதக்கூடும். தைரொயிட் சுரப்பியின் குறைபாடுகூட மனச்சோர்வின் உருவில் வருவதுண்டு. ஆகவே பழைய மருந்துத் துண்டுகளையும், கூடவே வசிக்கும் ஒருவரையும் அழைத்துச் செல்வது நல்லது. நாட்டு மருந்து எடுத்திருந்தால் அதை மறைக்கத் தேவையில்லை.

இடர் தொடங்குவது வீடு திரும்பிய பின்னர். மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன்காட்டக் குறைந்தது இரண்டு வாரங்கள் ஆகும். நாலு, ஆறு வாரங்களும் செல்லலாம். வயிற்றுக் குமட்டல், வாய் உலர்தல், தலைச்சுற்று போன்ற பக்க விளைவுகளோ முதல் சில நாள்களிலேயே தலைகாட்டிவிடுகின்றன. அதாவது, மருந்தின் தொல்லை முதலில் வருகிறது, நன்மை பிந்தி வருகிறது. கடுமையான உளநோய்களுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் உடம்பை விறைக்கச் செய்வதும் கைநடுக்கம் தருவதும் உண்டு. "பிள்ளை மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டான்" என்று தாய் கலங்குகிறாள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், விறைப்புக்கு வேறு மருந்து சேர்க்கலாம். இவையெல்லாம் இரண்டாவது நாளில் நடக்கவேண்டியவை. அந்த நாளுக்குத்தான் ஆள் வருவதில்லை.

வராமைக்கு அறியாமையை மட்டும் காரணம் சொல்வது நியாயமன்று. கூலிவேலை செய்பவருக்கும் கடற்றொழிலாளிக்கும் கிளினிக் நாள் என்பது ஒருநாள் உழைப்பை இழக்கும் நாள். நெரிசலான கிளினிக்கில் ஒருவருக்கு வைத்தியர் ஒதுக்கக்கூடிய நேரமும் சொற்பம். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுச் சென்றார்கள். வந்த மனிதரிடம் "மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்று சொன்னால் மூன்றாவது தடவை அவர் வருவாரா?

இதற்கிடையில் தொலைபேசி ஒலிக்கிறது. றொரன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மாமா பேசுகிறார்: "உந்தக் குளிசையைப் போட்டால் பிறகு விடேலாது. நான் காசு அனுப்புறன், கோயிலிலை ஒரு பூசை செய்யுங்கோ." அன்பினால் சொல்லப்படும் வார்த்தைகள்தான். ஆயினும் தகவல் தவறானது. பழக்கத்துக்கு அடிமையாக்கும் அபாயம் சிலவகை நித்திரைக் குளிசைகளுக்கு உண்டு. அவற்றைக் குறுகிய காலத்துக்கே கொடுப்பது முறை. மனச்சோர்வுக்கான மருந்துகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. சுகம் வந்த பின்னரும் பல மாதங்கள் அவற்றைத் தொடரச் சொல்வது நோய் திரும்பாமல் காப்பதற்கே. அவற்றைத் திடீரென நிறுத்தாமல், வைத்தியரின் சொற்படி படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

பூசையை நான் பழிக்கவில்லை. செல்வச்சந்நிதியில் கண்ணீர் விட்டு மனம் தேறியவர்களை இந்த மண் நன்கறியும். கோயிலையும் கிளினிக்கையும் எதிரெதிரே நிறுத்துவதுதான் தவறு. அந்தப் பிரிவினை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழகத்தின் ஏர்வாடி ஒரு பாடம். தர்காவை நாடி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த விடுதி ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். குஜராத்தின் உனாவா தர்காவில் 2008 அளவில், வழிபடுவோருக்கு அதே வளாகத்திலேயே உளமருத்துவமும் கிடைக்கும் ஏற்பாடு தொடங்கியது. பின்னர் ஏர்வாடியிலும் அம்முறை பின்பற்றப்பட்டது. நூல் கட்டும் பூசகரே "கிளினிக்குக்கும் போய் வா, மருந்தை விடாதே" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியை விடவும் வலு அதிகம். நமது கோயில் பரிபாலன சபைகளும் தேவாலயங்களும் இதைச் செய்ய எந்தச் சட்டமும் தடையில்லை.

சுகாதாரத் துறையிடமும் கேட்கவேண்டியது உண்டு. எத்தனை பேர் புதிதாகப் பதிந்தார்கள் என்பதோடு, பதிந்தவர்களில் எத்தனை பேர் மீண்டும் வந்தார்கள் என்பதையும் வெளியிடுங்கள். முதல் வாரத்துக்குள் நோயாளியின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அதற்கும் பதிலில்லையெனில் களப்பணியாளர் ஒருவரின் சாதாரண உடையிலான வருகை. இவற்றுக்குப் பெரும் செலவு இல்லை. உளநலக் கிளினிக்கை ஏனைய கிளினிக்குகளின் வரிசையோடு சேர்த்து நடத்தினால், யார் எதற்கு நிற்கிறார் என்று எவரும் ஊகிக்க முடியாது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பேசுபவருக்கு கிளினிக் நாள் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் இலங்கையில் எங்கிருந்தும் அழைக்கலாம்.

புலம்பெயர்ந்த வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் உங்கள் உறவு ஒன்று இந்தச் சிகிச்சையில் இருப்பதாக அறிந்தால், நோயின் பெயரைத் துருவாதீர்கள்; மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "அடுத்த கிளினிக் எப்ப? ஆர் கூடப் போகினம்?" என்று கேளுங்கள். பஸ் காசும், அன்றைய நாட்கூலியும் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். அந்த நாள் கழிந்ததும் மறுபடி ஒரு தடவை அழையுங்கள்.