இராபின் ஊடு: ஈர்ப்பது வாளன்று, வழக்கே!

“இராபின் ஊடு தொலைக்காட்சித் தொடரா? வாள்வீச்சும் வில்வித்தையும் கண்டு சிறுவர் கைகொட்டி மகிழ்ந்த வெற்றுப் பொழுதுபோக்கு அது. அதில் ஆய்தற்கு என்ன உளது?” என்று முகஞ்சுளிப்பார் உளர். கலைக்கும் அரசியலுக்கும் தொடர்பே இல்லை என்று ஓதுவாரும் அவரே. அவர்தம் கூற்று எத்துணைப் பொய் என்பதற்கு அத்தொடரே சான்று.

1955 செப்டம்பரில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒருசேரத் தொடங்கிய ‘இராபின் ஊடின் அருஞ்செயல்கள்’, 143 பகுதிகளாக வளர்ந்தது. இரிச்சர்டு கிரீன் தலைவனாக நடித்தார். கறுப்பு வெள்ளைப் படம்; ஒவ்வொரு பகுதியும் அரைமணி நேரத்திற்குள் அடங்குவது. உருளை பூட்டிய மரத்தூண்களையும் மதில்களையும் இடம் மாற்றி மாற்றி நிறுத்தியே கோட்டைகளைக் காட்டினர். இதனினும் பன்மடங்கு பொலிவுடைய வாட்போர்ப் படங்கள் எத்தனையோ பின்னர் வந்தன. வந்த சுவடின்றி மறைந்தன. இதுவோ எழுபது ஆண்டு கடந்தும் மறையவில்லை. ஈர்த்தது வாள் மட்டுமே எனின், இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது?

கதையைப் பாருங்கள். சிலுவைப்போருக்குச் சென்று மீண்ட சாக்சானியன் ஒருவன், தன் நிலத்தை நார்மானியன் ஒருவன் கவர்ந்துகொண்டதைக் காண்கிறான். முறை கேட்கச் சென்றவனுக்கு முறை கிட்டவில்லை. குற்றவாளி என்னும் பட்டமே கிட்டுகிறது. சட்டம் கொள்ளையன் பக்கம் நிற்க, அறம் காட்டுக்குள் ஓடுகிறது. இதுவன்றோ ஈர்த்தது!

இதனை எழுதியவர் யாவர் என்பதை அறிந்தால் உண்மை இன்னும் விளங்கும். 1947-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு, திரைத்துறையினரை அழைத்து, “நீ பொதுவுடைமைக் கட்சியினனா?” என்று உசாவிற்று. விடையிறுக்க மறுத்த பதின்மர் சிறைப்பட்டனர், பலர் பிழைப்பிழந்தனர். அப்பதின்மருள் ஒருவரே இரிங்கு இலார்டுனர். முன்னரே ஆசுகர் பரிசு பெற்ற அவ்வெழுத்தாளர் 1950-இல் சிறை புகுந்தார். மீண்டபின் தம் பெயரால் ஒருவரி விற்கவும் வழியின்றி நின்றார். அமெரிக்காவை விட்டு வெளியேறி இலண்டனில் படநிறுவனம் நடத்திய அன்னா வைன்சுடீன் என்னும் அம்மையார், அவர்க்கும் அயன் அண்டர் முதலிய அவர்தம் தோழர்க்கும் இத்தொடரை எழுதும் பணியைக் கமுக்கமாக அளித்தார். புனைபெயர்களுக்குள் ஒளிந்திருந்து அவர்கள் எழுதினர். காட்டில் ஒளிந்தவன் கதையை, பெயரை ஒளித்தவர்கள் எழுதினர்! இரண்டகத்தின் கசப்பையும் தோழமையின் உறுதியையும் அவர்கள் ஏட்டில் கற்றவரல்லர், பட்டு அறிந்தவர்கள்.

ஆள்வோர் இக்கதைக்கு அஞ்சியதும் வரலாறே. 1953-இல் இந்தியானா மாநிலப் பாடநூற்குழு உறுப்பினர் ஒருவர், செல்வரிடம் பறித்து ஏழையர்க்கு ஈவது பொதுவுடைமைக் கொள்கை என்று கூறி, இராபின் ஊடு கதையைப் பாடநூல்களினின்று நீக்கச் சொன்னார். வெற்றுப் பொழுதுபோக்குக்கு எவரேனும் அஞ்சுவரோ?

இனி, மறுபக்கத்தையும் காண்போம். இத்தொடர் இலண்டனில் ஓடிய அதே ஆண்டுகளில், அந்நாட்டு அரசு கென்யாவில் என்ன செய்துகொண்டிருந்தது? நிலம் பறிகொடுத்துக் காடு புகுந்த மாவ் மாவ் மறவரை வேட்டையாடிக்கொண்டிருந்தது. ஆயிரத்தின் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டது. காட்டில் பிடிபட்ட தீடன் கிமாதியை 1957 பிப்ரவரியில் தூக்கிலிட்டது. தன் இனத்தான் ஒருவன் பல நூற்றாண்டுக்கு முன் காடு புகுந்தால் அவன் தலைவன். பிறன் இன்று காடு புகுந்தால் அவன் கொடியவன்! 2013-இல்தான் அவ்வரசு வருந்துவதாகக் கூறி, 5,228 பேர்க்கு இழப்பீடு தர இசைந்தது. சுவைப்பவர் யாவரும் தம் நெஞ்சைக் கேட்க வேண்டிய வினா இது: இராபினுக்குக் கைதட்டும் நான், இன்றைய இராபின் வந்தால் எவர் பக்கம் நிற்பேன்?

குறையும் கூறாது விடுதல் நேர்மையன்று. அத்தொடரில் நார்மானியத் தலைவரும் நல்ல ஆங்கிலமே பேசுகின்றனர். உண்மை அதுவன்று. 1066-க்குப் பின் அரண்மனையில் வீற்றிருந்தது பிரெஞ்சு. ஆங்கிலம் ஏர் பிடித்தவன் மொழியாய்த் தாழ்ந்து கிடந்தது. நல்லரசன் என்று கதை போற்றும் இரிச்சர்டு மன்னனும் பிரெஞ்சு பேசியவனே. பத்தாண்டு ஆண்டும் ஆறு திங்கள் அளவே இங்கிலாந்தில் தங்கியவன். அத்தகையவன் வந்து மீட்பான் என்று காத்திருந்தா ஆங்கிலம் எழுந்தது? இல்லை, பேசிய மக்கள் கைவிடாமையால் எழுந்தது. 1362-இல், பிரெஞ்சு மக்களுக்கு விளங்காமையால் வழக்குரைப்பது ஆங்கிலத்திலேயே ஆகவேண்டும் என்று சட்டம் பிறந்தது. அச்சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது என்பது அடிமைத்தனம் எத்துணை ஆழ வேரோடியிருந்தது என்பதைக் காட்டும்!

அங்ஙனம் விடுதலை பெற்ற ஆங்கிலம், ஆட்சியோடு கடல் கடந்து வந்து, சென்னை உயர்முறைமன்றத்தில் இன்றும் வீற்றிருக்கிறது. தமிழை அம்மன்றத்து மொழியாக்க வேண்டுமென்று 2006-இல் தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகக் கேட்டது. நடுவணரசு இன்னும் இசையவில்லை. தன் வழக்கு எம்மொழியில் உரைக்கப்படுகிறது என்று அறியாமல் மன்ற வாயிலில் நிற்கும் நம் உழவனுக்கும், அன்றைய சாக்சானியனுக்கும் வேறுபாடு என்ன?

ஆகவே, தமிழர்களே, அத்தொடரைப் பாருங்கள், பிள்ளைகட்கும் காட்டுங்கள். ஆனால் வாளைக் காட்டி நிறுத்திவிடாதீர்கள். நல்ல மன்னன் வருவான் என்று காத்திருக்கக் கற்பிக்காதீர்கள். தம் மண்ணில் தம் மொழியில் முறை கேட்பது குற்றமன்று, பிறப்புரிமை என்று கற்பியுங்கள். அவ்வுரிமை மறுக்கப்படும் வரை அக்கதைக்கு முதுமை இல்லை.