நோட்டு வரவில்லை என்றால் யாரைக் கேட்பது?

ஒரு மாணவி அறிவியல் ரெக்கார்டு வைக்கவில்லை. ஒரு மாணவன் மூன்று வாரமாக ஒப்படைவு எதுவும் தரவில்லை. இதையெல்லாம் கவனித்துக் கணக்கு வைக்க வேண்டியது யார்? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இந்தக் கேள்வியை ஆசிரியர் அறையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “பிள்ளைக்கே அக்கறை இல்ல சார். வீட்லயும் கவனிக்க மாட்டேங்காங்க.”

அந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவோம், தோழர்களே.

நாங்கள் மாலையில் நடத்தும் படிப்பு மையத்துக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவி அவள். அம்மா பகலில் வயல் வேலைக்குப் போகிறார், இரவில் பீடி சுற்றுகிறார். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அதனால் மகளும் தட்டுக்கு முன்னால் உட்காருகிறாள். ரெக்கார்டில் ஐந்து சோதனைகள் எழுதாமல் நின்றுவிட்டன. பள்ளி செய்தது ஒன்றே ஒன்று: சிவப்பு மையில் “பெற்றோரை அழைத்து வரவும்”. அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார். நின்றபடியே திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். எந்தச் சோதனை விடுபட்டது, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், யாரிடம் கேட்டு எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் எங்களிடம் சொன்னது: “என்னல்லாம் எழுதணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருந்தா உங்ககிட்டயாவது கொண்டாந்து காட்டியிருப்பேன்ல.”

எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்க்குப் புரிந்த விஷயம் பள்ளிக்குப் புரியவில்லை. விடுபட்ட வேலையின் கணக்கு பள்ளியிடம்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் 100க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. மேல்நிலையில் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மதிப்பெண் அகமதிப்பீடு. வருகை, பள்ளித் தேர்வு, ஒப்படைவு எல்லாம் அதற்குள் வருகின்றன. வேலையைக் கொடுப்பதும் திருத்துவதும் மதிப்பெண் போடுவதும் பள்ளி. விடுபட்டதைத் தேடுவது மட்டும் பீடித் தட்டுக்கு முன்னால் இருக்கும் அம்மாவின் பொறுப்பா?

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில், பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டித் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமை என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வயலும் சூளையும் பீடித் தட்டும் பிள்ளையைக் கூப்பிடத் தொடங்கும் ஒன்பதாம் வகுப்பில் பாதுகாப்பு முடிந்துபோகிறது.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதுதான் முக்கியமான பக்கம். எழுதாத நோட்டு என்பது ஒரு சாட்சி. பசி, வேலை, நோய், பயம் இவற்றில் ஏதோ ஒன்று அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது என்று முதலில் சொல்வது அதுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். அன்று நோட்டு எங்கே என்று பிள்ளையைத் திட்ட யாருக்கும் மனம் வந்திருக்காது. தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. சாதி புகுந்த வீட்டில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். விசாரித்தபோது, உடன் படிக்கும் ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை வெளியே வந்தது. புகார் பள்ளிக்குப் போன பிறகு, 2023 ஆகஸ்ட் 9 இரவு, அவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் அதே பள்ளியின் மாணவர்கள். 2025 மார்ச் 10 அன்று ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின.

இந்த மண்ணில் ஒரு பிள்ளை திடீரென வரவில்லை, எழுதவில்லை என்றால், “சோம்பேறி” என்பது கடைசியாக வர வேண்டிய முடிவு. நாம் அதை முதலில் வைத்திருக்கிறோம். நாங்குநேரி சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு: “ஏன்” என்று கேட்டால் மட்டும் போதாது. பதில் சொன்ன பிள்ளையைக் காக்கத் தெரியாத பள்ளி, கேட்டதாலேயே அவனை ஆபத்தில் தள்ளிவிடும்.

“அறுபது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், எமிஸ் பதிவேற்றம், தேர்தல் வேலை. நாங்கள் எப்போது கேட்பது?” என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதைத் துறையிடம் கேளுங்கள், நாங்களும் உங்களோடு நிற்கிறோம். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் ஆகியவற்றோடு பள்ளி நல அலுவலர்களை நியமிக்கவும் அது சொன்னது. அந்த அலுவலர் எங்கே என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்கட்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கும் பொறுப்பு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் எது பாக்கி என்று சொல்லாமல் பொறுப்பைக் கேட்பது, கணக்கே காட்டாமல் வட்டி கேட்கிற கந்துவட்டிக்காரனின் வேலை.

நாம் கேட்பது நான்கு. ஒன்று, வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை விடுபட்ட வேலையை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பாமல் போனில் பேச வேண்டும். இரண்டு, தொடர்ந்து மூன்று வேலை விடுபட்டால், தண்டிப்பதற்கு முன் தனியே அழைத்துக் காரணம் கேட்க வேண்டும், வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்தி அல்ல. மூன்று, பதில் சாதித் தொல்லை என்றால் அது அன்றே தலைமையாசிரியரிடம் எழுத்தில் போக வேண்டும். சொன்னவர் பெயர் வெளியே போகக் கூடாது. அந்தப் பிள்ளை பத்திரமாக வீடு சேர்வதும் பள்ளியின் வேலை. நான்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பெயர் இல்லாமல், இந்த மாதம் எத்தனை பேருக்கு எத்தனை வேலை விடுபட்டது என்று வாசிக்க வேண்டும். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். நம் அம்மாக்கள் அங்கே கையெழுத்துப் போட மட்டும் போகக் கூடாது.

தம்பி, தங்கைகளே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன விடுபட்டது, எந்தத் தேதி, என்ன காரணம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளி கேட்காவிட்டால் 14417க்கு அழையுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. அதற்கும் பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் தேதியோடு மனு கொடுங்கள். தேதி போட்டு எழுதிய கணக்கை “எங்களுக்குத் தெரியாது” என்று தள்ளிவிட முடியாது.

நாங்குநேரி மாணவன் காயத்தோடு, வேறொருவர் கையால் தேர்வெழுதி, 2024இல் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். நம் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று இனி யாராவது சொன்னால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, விடுபட்ட வேலையின் பட்டியல் எங்கே என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.