பூட்டு வெளியே வருவதற்குத்தான்

பழைய டிராக்டர் வாங்கப் போகிற நம் ஆட்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம், புகை என்ன நிறம், ஹைட்ராலிக் கலப்பையைத் தூக்கி நிறுத்துகிறதா, ஆர்.சி. புத்தகம் யார் பேரில் இருக்கிறது. இருக்கைக்குக் கீழே, பெரும்பாலும் வலது குதிகால் எட்டுகிற இடத்தில் சின்னதாக ஒரு மிதி இருக்கும். அதை மட்டும் யாரும் மிதித்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. நான் வாங்கிய வண்டியில் அது துருவேறி இறுகிப் போயிருந்தது என்பது இரண்டு வருடம் கழித்து, ஐப்பசி மழையில், கரிசல் புஞ்சையின் நடுவில் வைத்துத்தான் தெரிந்தது.

அந்த மிதிதான் டிஃபரன்ஷியல் லாக். டிரைவர்கள் டிஃப் லாக் என்பார்கள். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கம் குறைவாக ஓட வேண்டும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதற்காகப் பின் அச்சின் நடுவில் வைத்திருக்கும் பல்சக்கரக் கூட்டம்தான் டிஃபரன்ஷியல். அதில் ஒரு சங்கடம் உண்டு. அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு இழுவையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அதற்கு எவ்வளவு பிடிப்புக் கிடைக்கிறதோ அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கிற மற்றதுக்கும். அதனால்தான் ஒன்று காற்றாடியாகச் சுற்ற, இன்னொன்று படுத்த மாடு மாதிரி அசையாமல் கிடக்கிறது. மிதியை அழுத்தினால் இரண்டு சக்கரமும் ஒன்றாகக் கட்டப்பட்டு, கெட்டித் தரையில் நிற்பதும் சேர்ந்து இழுக்கும்.

அன்றைக்கு எங்களுக்கு அது இல்லை. டிரைவர் தம்பி ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த, வலது சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. கூடியிருந்தவர்களில் ஒருவர், "அண்ணாச்சி, ஒரு கட்டையை டயரோட சேர்த்துக் கட்டுங்க, தானா ஏறிரும்" என்றார். ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான். கட்டைகூட வந்துவிட்டது. அந்த நேரம் வந்த பழைய மெக்கானிக் ஒருவர்தான் சத்தம் போட்டு நிறுத்தினார்.

அவர் சத்தம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. கட்டை மண்ணில் மாட்டிக்கொண்டு பின்சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், இன்ஜினின் சக்தி போக வேறு இடமில்லை. சக்கரம் சுற்றுவதற்குப் பதிலாக வண்டியே அச்சைச் சுற்றி எழும்பும். மூக்கு மேலே தூக்கி, இருக்கையில் இருப்பவர் மேல் மல்லாக்கக் கவிழும். கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காது. சங்கிலியை டாப் லிங்க்கில் மாட்டி இழுப்பதும் இதே ஆபத்துத்தான். இழுவை எப்போதும் அச்சுக்குக் கீழே இருக்கிற டிராபாரில்தான் இருக்க வேண்டும். அன்று கலப்பையைக் கழற்றி, சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, பருத்திமாரைப் பரப்பி, ரிவர்ஸில் எடுத்தோம். மூன்று மணி நேரம் ஆனது. ஆள் பிழைத்தது.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது: உங்கள் வண்டியில் அந்த மிதி வேலை செய்கிறதா என்று காய்ந்த தரையில் வைத்தே பார்த்துவிடுங்கள். சமதளமான கெட்டித் தரை வேண்டும். இன்ஜின் அணைந்திருக்கணும். முன்சக்கரங்களுக்கும், தரையில் நிற்கப்போகிற பின்சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கல் அண்டக் கொடுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அச்சுக்குக் கீழே உறுதியான முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. கியர் நியூட்ரல். பல வண்டிகளில் கைபிரேக் இரண்டு பின்சக்கரத்தையும் பிடிப்பதால் அதை விடுவித்தால்தான் சோதனை நடக்கும். கல் அண்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது அதனால்தான். தூக்கிய சக்கரத்தைக் கையால் தள்ளினால் சுற்ற வேண்டும். இப்போது ஒருவர் மிதியை அழுத்த, சக்கரத்தை லேசாக ஆட்டுங்கள். உள்ளே பல் பொருந்தியதும் சக்கரம் நின்றுவிடும், எவ்வளவு தள்ளினாலும் சுற்றாது. காலை எடுத்ததும் மறுபடி சுற்ற வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். பூட்டாத லாக்கைவிட, பூட்டிவிட்டுத் திறக்காத லாக் ஆபத்தானது. ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். கரையோரம் போகும்போது அப்படி ஆனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோளாறு பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும். மிதியின் முளையில் துரு, திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் காணாமல் போயிருப்பது, சேறு அப்பிக் காய்ந்திருப்பது. எங்கள் வண்டிக்கு மண்ணெண்ணெயும் கிரீசும் ஒரு புது ஸ்பிரிங்கும் போதுமானதாக இருந்தது.

மிதிக்கிற முறையும் முக்கியம். சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் உள்ளே பல் உடையும். கிளட்சை மிதித்து, சக்கரம் நின்றபின் லாக்கை அழுத்தி, சின்ன கியரில் மெதுவாக, நேராக எடுக்க வேண்டும். திரும்பும்போது கூடாது. தார்ச்சாலையில் கூடவே கூடாது. லாக் பிடித்திருக்கும்போது ஒரு பக்க பிரேக்கைப் போட்டுத் திருப்பவும் கூடாது. லாக் இல்லாத வண்டி என்றால், வழுக்குகிற பக்கத்து பிரேக்கை மட்டும் லேசாக மிதித்தால் இழுவை கொஞ்சம் மற்ற பக்கத்துக்குப் போகும். சிறு சிக்கலுக்கு அதுவே போதும்.

மலைத்தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியலே கிடையாது. ஃபோர் வீல் லிவரைப் போட்டாலே முன்னும் பின்னும் பூட்டியாகிவிட்டது என்று அர்த்தம். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மாதிரி எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் நடுவில் ஒரு டிஃபரன்ஷியலும் அதற்கு ஒரு லாக்கும் உண்டு. இரண்டையும் முன்சக்கரம் ஒன்றைத் தூக்கி இதே போலச் சோதிக்கலாம். மண்ணிலும் சேற்றிலும் போடுங்கள். தார் ஏறியதும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டயரும் தேயும், கியரும் முறுக்கிக்கொள்ளும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் மனசில் இருக்கிற சண்டைக்கு வருகிறேன். லாக் சரியானதும் எங்கள் டிரைவர் சொன்னது, "இனிமே எந்த ஈரத்துலயும் இறங்கலாம் அண்ணாச்சி." இந்தப் பேச்சைத்தான் ஏற்க முடியவில்லை. பெரிய ஃபோர் வீல் டிராக்டர் விற்பவர்களும் இதையேதான் வேறு விதமாகச் சொல்கிறார்கள். 40 குதிரைத்திறன் வண்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 2 டன். ஈர மண்ணில் அது ஏறினால், முதல் தடவையிலேயே இறுக்கத்தில் பெரும்பங்கு நடந்துவிடுகிறது. வழுக்குகிற சக்கரம் மண்ணைக் கொத்தனார் பூசுகிற மாதிரி இழுத்துப் பூசி, காற்றும் நீரும் போகும் துளைகளை அடைக்கிறது. பலதானியம் விதைத்து, மூடாக்குப் போட்டு, மண்புழுவை வரவழைக்க நாலு வருடம் பாடுபடுகிறோம். அதை ஒரு காலையில் அழிக்கலாம். அன்று வண்டி சிக்கிய இடத்தில் அடுத்த போகம் சோளம் முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை.

சேற்றுழவு வேறு கதை. நெல் வயலில் அடிமண் இறுகித் தண்ணீர் நிற்பதைத்தான் விரும்புகிறோம், அங்கே கேஜ் வீல் இருக்கிறது. நான் பேசுவது புஞ்சையைப் பற்றி. எருக் குவியலோடு டிரெய்லர் ஓடைமணலில் மாட்டும்போதும், ஒரு சக்கரம் சாலுக்குள்ளும் ஒன்று மேலேயும் ஓடும் கட்டி உழவின் நேர் ஓட்டத்திலும் லாக்கைத் தாராளமாக மிதியுங்கள். ஆனால் புஞ்சை ஈரத்தில் வழுக்குகிறது என்பதற்காக அதை மிதிக்க வேண்டி வந்தால், அன்று வண்டி இறங்கியதே தப்பு.

"வாடகை வண்டி வருகிற நாள்தானே எங்களுக்கு உழவு நாள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஈரம் காய்வதற்குள் விதைக்கணும் என்ற அவசரமும் மானாவாரிக்காரருக்குத்தான் தெரியும். நாங்கள் பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து டிரைவரிடம் பேசினோம். முதலில் மேட்டு நிலம், கடைசியில் பள்ளம் என்று வரிசை வைத்தோம். முறை வரும் காட்டில் அரை அடி ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்போம். கயிறு மாதிரி திரண்டால் வண்டி அடுத்த காட்டுக்குப் போகும். உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டு, உதிர்ந்தால் இறங்கலாம். போன ஐப்பசியில் என் பள்ளக்காடு ஒன்பது நாள் தள்ளிப் போனது. விதைப்பு பிந்தியது, பக்கத்துக்காரர் சிரித்தார். லாக்கை ஒரே ஒரு தடவைதான் மிதித்தோம், அதுவும் ஓடையில்.