பாதியில் நின்ற படிப்பு: கோப்பெங் வட்டாரப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்



கோவிட் தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது இரண்டு வாரத்தில் எல்லாம் சீராகிவிடும் என்றே நாம் எல்லோரும் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் பொய்த்து, அவ்வாண்டு முடியும்வரை உயர்கல்விக்கூடங்களின் பாடங்கள் இயங்கலையிலேயே நடைபெறும் என்று மே மாதத்தில் உயர்கல்வி அமைச்சு அறிவித்தபோது, படிப்பதற்காகக் கம்பாரில் அறை எடுத்துத் தங்கியிருந்த நம் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டங்களுக்கும், ஈயலம்பங்கள் என்னும் சுரங்கங்கள் மூடிய புதுக் கிராமங்களுக்கும் திரும்பி வந்தார்கள். தந்தையின் கைப்பேசி ஒன்றே வீட்டிலிருக்க, அதையே அண்ணன் விரிவுரைக்கும் தங்கை பள்ளிப் பாடத்துக்கும் முறைவைத்துப் பிடித்துக்கொள்வதும், மலைப்பக்கம் மழை இறங்கியவுடன் லைன் அறுந்துபோகப் பரீட்சை நடுவே பிள்ளை குடையோடு பெரிய சாலைக்கு ஓடுவதும் அந்நாளில் நம் வீடுகளில் சகஜமாயிருந்தன. சபாவில் ஒரு மாணவி மரத்தின்மேல் ஏறியமர்ந்து பரீட்சை எழுதிய செய்தியைக் கண்டு நாடு வியந்தது. நாம் அவ்வளவாக வியக்கவில்லை.

பின்னர் வளாகங்கள் திறந்தன. எனினும் கட்டணம் கட்ட வழியின்றி ஒரு பருவத்தை ஒத்திவைத்துவிட்டுத் தொழிற்சாலைக்கும் உணவு விநியோகத்துக்கும் போன பிள்ளைகளிற் சிலர், கையில் காசு புழங்கத் தொடங்கியபின், திரும்பவேயில்லை. திரும்பியவர்களுக்கும், சோதனைக்கூடத்தில் கையாற் செய்து பழக வேண்டியதைத் திரையிற் பார்த்ததோடு முடித்துக்கொண்ட குறை உண்டு. நள்ளிரவுவரை பாடங்களைப் பதிவுசெய்து களைத்த விரிவுரையாளர்களையும், வளாகம் மூடியதும் பிழைப்பை இழந்த உணவகப் பெண்களையும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களையும் யாரும் நினைப்பதில்லை. அவர்களில் நம் உறவினர் எத்தனை பேர் என்பதை நீங்களே அறிவீர்கள்.

கொள்ளைநோய் இம்மண்ணுக்குப் புதிதன்று. நூறாண்டுக்கு முன் பத்துகாஜா அருகே தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் துரையின் மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்த நம்மவர் பலர் விஷக்காய்ச்சலில் மாண்டதாகவும், எஞ்சியோர் வேண்டிக்கொண்டதன்பேரில் அவர் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பித் தந்ததாகவும் பெரியோர் சொல்வார்கள். அக்கோயிலின் சுதைச் சிற்பங்களுக்கிடையே துரையின் உருவமும் இன்றுவரை நிற்கிறது. ஆனால் எங்கள் மனத்தில் அதைவிட ஆழமாய்ப் பதிந்திருப்பது, கல்விக்காக நம்மவர் 1950களில் கைகொடுத்த காரியம். மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறையில் தமிழுக்கு உரிய இடமும் நூலகமும் வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழ் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, பல்கலைக்கழக வாசலை மிதித்தே அறியாத தோட்டத் தொழிலாளிகள் தம் சொற்பக் கூலியிலிருந்து வெள்ளி எடுத்துக் கொடுத்தார்கள். அந்தத் தர்மத்துக்கு முன் நாங்கள் கேட்பது அற்பமே.

ஆலய நிர்வாகத்தினர் திருவிழா இல்லாத மாலைகளில் மண்டபத்தைத் திறந்து, விளக்கும் இணையமும் தந்து, பிள்ளைகள் அமர்ந்து படிக்க இடம் கொடுங்கள். பட்டறையோ கடையோ வைத்திருப்போர் தொழிற்பயிற்சிக்கு ஒரு மாணவரையேனும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டம் பெற்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் உத்தியோகம் பார்ப்போர், ஊருக்கு வரும் வார இறுதியில் இரண்டு மணி நேரம் கணக்கோ வேதியியலோ சொல்லிக்கொடுங்கள்; பழைய மடிக்கணினியை அலமாரியில் தூங்கவிடாதீர்கள். பிள்ளை படிப்பை விட்டதை வெளியில் சொல்ல வெட்கப்படும் பெற்றோர்களே, அது உங்கள் குற்றமுமன்று, பிள்ளையின் குற்றமுமன்று. அடுத்த பருவத்துக்குப் பெயர் பதியும் தேதி கடப்பதற்குள் எங்களிடம் வந்து சொல்லுங்கள், பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை உடனிருந்து எழுதித் தருகிறோம்.